இரும்பு மனிதனுக்கு வலிக்காது

மனித உருவத்தில் ஓர் இயந்திரம் ஊரையே கலக்குகிற பழைய இங்கிலீஷ் படம் அது. தமிழில் பேசும். டிவியில் அதைப் போட்டால் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

கல்யாணமான புதிதில் அதை ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் பார்த்தோம். இயந்திரத்தின் கை பிய்ந்து விழும். ஒற்றைக் கையோடு அது எழுந்து நடக்கும். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, வலது கை விரல்களை வாயில் விட்டு அடித்த விசிலில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போய்விட்டது.

ராஜபாளையத்தில் நூல் மில் வேலை அவருக்கு. ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். யார் நிறுத்தினார்கள்? நிறுத்தினால் சூப்பர்வைசர் கத்துவார். ஓட்டத்திலேயே விரலை விட்டு எடுப்பதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். இவர் பெரிய கெட்டிக்காரர். போன வருஷம் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் செயற்கைக் கை கொடுத்தார்கள். அதைப் பெட்டியோடு பீரோ மேல் ஏற்றிவிட்டார். டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும், மனுஷன் தேறிவிடுவார் என்று நானும் கெஞ்சினேன், ஏசினேன். அவருக்கு அந்தப் படம்தான்.

"எத்தன வாட்டிதான் பாப்பீக? சலிக்கலையா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"அவனுக்கு வலிக்கல பாத்தியாட்டி. எனக்கு இல்லாத விரலு வலிக்கு" என்றார்.

அதற்கப்புறம் நான் ரிமோட்டைப் பிடுங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மனை, தையல் மெஷின், வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். அவராகவே பெட்டியை இறக்கி, அந்தக் கையைத் துடைத்து, பொட்டு வைத்து, வரிசையில் சேர்த்தார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் எடுத்துப் புழங்க வேண்டும் அல்லவா? விடிந்ததும் அவர் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார். அங்கேயே நின்று அதிலிருந்த பொட்டைப் பார்த்தார்.

"வருசா வருசம் நான் பொட்டு வச்ச மெஷினுதான்ட்டி என் கையத் தின்னுச்சு."

கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். தேய்த்த சட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். லீவு நாள் என்று அன்றைக்கும் அதே படம் ஓடியது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இயந்திரத்தின் கை பிய்ந்து விழுந்தது. விசிலடிக்க அவர் வலது கை தானாக எழும்பி, வாய்க்கு எட்டாமல் நின்றது.