எலி தின்ற கடைசிப் பக்கங்கள்

நாவல் படிப்பது மாமியார் கண்ணில் பட்டால் புத்தகம் அடுப்புக்குள் போய்விடும் என்று தையற்காரி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அடுத்த முறை அவள் போனபோது, வாடகைப் புத்தகக் கடை அக்கா அந்தப் பழைய நாவலுக்கு வேறு அட்டை ஒட்டி வைத்திருந்தாள். வீட்டிலேயே தையல் கற்கலாம் என்று கொட்டை எழுத்து, கீழே ஒரு கத்தரிக்கோல் படம். "கேட்டா தொழில் படிக்கிறேன்னு சொல்லு" என்று கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள். மருமகள் தொழிலில் காட்டும் அக்கறையைப் பார்த்து மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த அக்காவைத் தெருவில் எல்லோரும் சீச்சீ அக்கா என்பார்கள். எதைத் தொட்டாலும் அவளுக்கு ஒரு சீ வரும். கடை என்றால் நாலு அலமாரி, ஒரு ஸ்டூல், ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், ஒரு துணி. திரும்பி வரும் புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் பக்கமாகத் துடைப்பாள்.

"இது என்னடி, மாவா, மூக்குச்சளியா? கொசு அடிக்க உங்க வீட்டுல சுவரே இல்லையா? சீ, எச்சில் தொட்டுத் தொட்டுத் திருப்பி ஓரமெல்லாம் பிசுபிசுங்குது!"

இவ்வளவு அழுக்கும் பழைய நாவல்களில்தான். புது நாவலை ஒரு தரம் படித்து மறந்துவிடுவார்கள். பழசுக்குத்தான் அடிதடி. அதிலும் இந்தத் தையல் அட்டை போட்ட நாவலுக்கு எப்போதும் வரிசை நிற்கும். குடிகாரப் புருஷன் இன்னொருத்தியோடு ஓடிப்போக, தனியாக நின்று பிள்ளையை ஆளாக்குகிற ஒருத்தியின் கதை. மருத்துவமனை ஆயாவுக்கு, கதைநாயகி மாமனாரை எதிர்த்துப் பேசும் இடம் உயிர். ரொட்டிக் கடைக்காரிக்கு, அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் முதல் செருப்பு வாங்கும் இடம். தன் வீட்டில் நடந்ததை எவரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல் ஒவ்வொருத்திக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. தையற்காரிக்குப் பிடித்தது முடிவு.

முடிவு புத்தகத்தில் இல்லை. நோயாளியாகிவிட்ட புருஷன் அவளைத் தேடி ஆள் அனுப்புவதோடு தாள்கள் அறுந்திருக்கும். எலி தின்றுவிட்டதாம். மீதியை அக்காதான் வாயால் சொல்லுவாள். "மருந்து வாங்கிக் கொடுத்தனுப்பினா. கதவைச் சாத்தினா. அன்னைக்குத்தான் அசந்து தூங்கினா. அவ்வளவுதான் கதை."

காலம் போயிற்று. மாமியார் ஆண்டவனிடம் போய்ச் சேர்ந்தாள். புருஷன் வேறொருத்தி வீட்டில் போய்ச் சேர்ந்தான். தையற்காரி மெஷினை மிதித்து மகளைக் கரையேற்றினாள். அப்புறம் ஒரு நாள் கொழுந்தன் வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணனுக்கு ஈரல் போயிடுச்சு. அவ துரத்திட்டா. நீங்க சரின்னா இங்க கூட்டிட்டு வந்துடறேன்."

"மருந்து வாங்கித் தர்றேன் தம்பி. வீட்டுக்குள்ள வேண்டாம்."

"ஓ, அந்த நாவல்ல வர்ற மாதிரியா?" என்று சிரித்தான். எலிக் கதையும் அக்கா சொல்லும் முடிவும் தெருவுக்கே தெரியும். மறுநாள் எங்கேயோ தேடி, அதே நாவலின் புதுப் பதிப்பை வாங்கி வந்து மெஷின்மேல் வைத்தான். "எலி தொடாத புத்தகம் அண்ணி. கடைசியைப் படிச்சுட்டு பதில் சொல்லுங்க."

படித்தாள். கதைநாயகி புருஷனிடமே திரும்பிப் போகிறாள். புருஷன் அவள் மடியிலேயே வாந்தி எடுக்கிறான். அதை முந்தானையால் துடைத்து, இதுவே என் சொர்க்கம் என்று அவள் ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள். சுற்றி நிற்கும் உறவெல்லாம் அவளைப் பார்த்துக் கைகூப்புகிறது.

தையற்காரி புத்தகத்தைத் தூர வைத்தாள். அந்தப் புளித்த வாடை தாளிலிருந்தே அடிப்பதுபோல் இருந்தது. எழுந்து போய்க் கை கழுவினாள். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அச்சில் இருப்பது இதுதானே? ஆண்டவனும் இதைத்தான் கேட்கிறானோ? நாளைக்குச் சொல்கிறேன் என்று கொழுந்தனை அனுப்பிவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

"எலின்னீங்களே அக்கா! இதோ முழுசா இருக்கு. இத்தனை வருஷம் உங்க பொய்யைப் பிடிச்சுக்கிட்டா நான் நின்னேன்?"

அக்கா புதுப் புத்தகத்தைப் பார்த்தாள். தொடவில்லை.

"நான்தான் கிழிச்சேன். அடுப்புல போட்டேன்."

"ஏன்?"

"கல்யாணமான புதுசுல அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சு அழுதுட்டு, விட்டுட்டு வந்த புருஷன்கிட்ட நானே திரும்பிப் போனவடி. அவன் சாகுற வரைக்கும் அவன் வாந்தியை அள்ளினேன். கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோல் உரிஞ்சுது. சொர்க்கம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தினமும் பார்த்தேன். நாத்தம்தான் வந்தது. சீ!" துணியைப் பிழிந்தாள். "மத்த பக்கமெல்லாம் தங்கம். அதான் புத்தகத்தைக் கொளுத்தல. அந்த நாலு தாளைத் தொட்டவ கையெல்லாம் என் கை மாதிரி ஆகும்னுதான் கொளுத்தினேன். நீ போறதும் போகாததும் உன் இஷ்டம். போனா, மறக்காம நல்ல சோப்பா வாங்கிட்டுப் போ."

தையற்காரி அவள் கைகளைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெடித்திருந்தது. இத்தனை நாள் அதைப் புத்தகம் துடைத்த கை என்றே நினைத்திருந்தாள்.

மறுநாள் கொழுந்தனிடம் மருந்துப் பையைக் கொடுத்தாள். புதுப் பதிப்பையும் திருப்பிக் கொடுத்தாள். "உங்கண்ணனுக்கு ஆண்டவன் நல்லது செய்யட்டும், தம்பி. அதுக்கு என் வீடு வேணும்னு ஆண்டவன் கேட்கல" என்று கதவைச் சாத்தினாள். உடனே தூக்கம் வந்துவிடவில்லை. பாதி தைத்த சட்டைக்குக் காலர் வைத்து முடித்தாள்.

அப்புறம் சில வருஷத்தில் அக்காவுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. கடையைக் காலி செய்துவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். தையற்காரி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தாள். வண்டி நகரும் நேரத்தில் அக்கா அந்தத் தையல் அட்டைப் புத்தகத்தை நீட்டினாள். எத்தனையோ மருமகள்கள் கை மாறிய அழுக்கில் ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

அக்கா சொன்னாள்: "யார் கேட்டாலும் படிக்கக் கொடு. கடைசிப் பக்கம் எங்கேன்னா எலி தின்னுடுச்சுன்னு சொல்லு. எலி ஒண்ணும் கோவிச்சுக்காது."