தெத்துப்பல் தெரிகிற படம்

எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது என் வீட்டுக்காரர், அழிப்பது நான். நிச்சயதார்த்தமோ கல்யாணமோ, அவர் பாட்டுக்குச் சுட்டுத் தள்ளிக்கொண்டு வந்து என் தலையில் கட்டிவிடுவார். மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடிக்குப் பின்னால் கொட்டாவி விடும் பெரியப்பா, மேடையில் உருண்டு கிடக்கும் தண்ணீர் பாட்டில், பெண்ணின் முகப்பரு எல்லாவற்றையும் நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நீக்குவேன். ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டு போன மைத்துனனையே எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன். அந்தக் குடும்பப் படத்தில் அவன் நின்ற இடத்தில் இன்றைக்கும் ஒரு வாழைமரம் நிற்கிறது. கள்ளக்குறிச்சியில் இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கொஞ்சம் திமிரோடுதான் இருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தோம். ஒரு அம்மா உள்ளே வந்து நின்றார். நைனார்பாளையத்துப் பக்கம். தை மாதம் அவர் பெண்ணின் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். மண்டபம் முழுக்க ஓடியாடிப் பந்தி விசாரித்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. வெளியே அவர் புருஷன் பைக்கைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“எம் பொண்ணு போட்டோ ஒண்ணு வேணும்மா. காரியத்துக்கு வைக்கணும்.”

யாருடைய காரியம் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது.

அந்தப் பெண் புருஷன் வீட்டில் செத்துக் கிடந்தாள். தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று அவர்கள் தகவல் சொன்னார்களாம். போய்ப் பார்த்தால் முதுகெல்லாம் கன்றிப்போயிருந்ததாம். போட்ட நகை போதவில்லை என்று ஆரம்பித்த அடி. கேஸ் கொடுத்திருக்கிறார்கள், அவன் ஜெயிலில் இருக்கிறான். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும். ஆல்பமோ அவன் வீட்டில் கிடக்கிறது.

“அவன் இல்லாத படமா பாத்துக் குடும்மா,” என்றார்.

ஹார்ட் டிஸ்க்கை மாட்டிக் கல்யாணப் படங்களைத் திறந்தேன். மணப்பெண் தனியாக நிற்கும் படங்கள் நிறைய இருந்தன. அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் மனசு நிற்கவில்லை. “இது யாரோம்மா. எம் பொண்ணு இப்டியா இருப்பா?” என்றார். அவர் சொன்னதும் சரிதான். அப்பிய மேக்கப். அதோடு அந்தப் பெண்ணுக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. பல் தெரியாமல் எடுக்கச் சொல்லுங்கக்கா என்று என்னிடம் முன்கூட்டியே கேட்டிருந்தாள். அதனால் எல்லாப் படத்திலும் உதட்டை இழுத்து மூடிக்கொண்டு யாருக்கோ பயந்தவள் மாதிரி சிரித்தாள்.

கடைசியில் கரியாலூர் படங்களைத் திறந்தேன். இப்போதெல்லாம் அவுட்டோர் ஷூட்டிங் இல்லாமல் யாருக்கும் கல்யாணம் நடப்பதில்லை. நிச்சயம் முடிந்த கையோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். துணைக்கு வந்த சித்தி காரிலேயே தூங்கிவிட்டாள். மலை வளைவுகளில் அந்தப் பெண்ணுக்கு வாந்தி வந்தது. அவன்தான் இறங்கி ஓடிவந்து பாட்டில் தண்ணீரில் அவள் முகத்தைக் கழுவினான், ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தான். பரவாயில்லையே, நல்ல பையனாகக் கிடைத்திருக்கிறான் என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கெட்டவன் கெட்டவனாகவே வந்து நின்றிருந்தால் ஆகாதா?

மேக்கப் எல்லாம் கழுவிப் போன முகத்தோடு அவள் பாறை ஓரம் நின்றாள். அவன் குனிந்து ஏதோ சொன்னான். அவள் அவன் முகத்தைப் பார்த்து, பல்லை மறைக்க மறந்து, வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் படம் திரையில் வந்ததும் அந்த அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இதாம்மா. இதான் எம் பொண்ணு. அவன மட்டும் எடுத்துடு.”

எடுத்துவிடலாம்க்கா என்று தைரியமாகச் சொன்னேன். அவன் உடம்பை அழிப்பது பெரிய வேலையாக இல்லை, பின்னால் வெறும் பனியும் பாறையும்தான். அவன் கைதான் போக மறுத்தது. அது அவள் தோளில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தியின் தோளில் ஒருத்தன் கை போட்டால் எங்கள் பக்கம் அரிவாள் வரும், ஆனால் கேமராக்காரர் சொன்னால் மட்டும் போடலாம். அன்றைக்குக் கூச்சப்பட்டு நின்றவனை, “சும்மா வைங்க மாப்ள, இன்னும் கொஞ்ச நாள்ல உங்க பொண்டாட்டிதான” என்று வைக்கச் சொன்னதே என் வீட்டுக்காரர்தான். விரல்களை ஒவ்வொன்றாக அழித்து, அந்த இடத்தில் சேலை மடிப்பை வரைந்தேன். எவ்வளவு வரைந்தும் தோள் லேசாக அமுங்கியே தெரிந்தது. ஏதோ ஒன்று அவளை அழுத்திக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. நான் சலித்துப்போய் அப்படியே பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கொடுத்தேன்.

காரியம் முடிந்து சில நாளில் அந்த அம்மா மறுபடியும் வந்தார். படத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“வந்தவங்கல்லாம் இத்தயேதாம்மா பாக்குறாங்க. யாரப் பாத்து சிரிக்குதுன்னு ஒரு பொம்பள கேக்குறா. வேற யாரு, அந்தப் பாவியத்தான்னு இன்னொருத்தி சொல்றா. இப்ப எனக்கும் அவன்தான் தெரியறான். ராவும் பகலும் எம் வூட்டுச் செவுத்துல நின்னுக்கினு இருக்கான்.”

பார்த்தேன். உண்மைதான். நான் அழித்த இடத்தைப் பார்த்துத்தான் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு படம் போட்டுத் தருகிறேன் என்றேன். அந்த அம்மா மறுத்துத் தலையாட்டிவிட்டார்.

“வேற வேணாம். இந்தச் சிரிப்பு வேற எதுலயும் இல்ல. அவன் நின்ன எடத்துல என்னய வையி.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். செய்யலாம் என்றேன். அவன் கை இருந்த இடத்தில் அம்மாவின் கை வந்துவிட்டால் தோளும் சரியாகிவிடும். அந்த அம்மாவைச் சாயல் தப்பாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உயரத்துக்கு அவரை ஒரு மனைப்பலகையில் ஏறி நிற்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். கை வைக்க ஒரு தோள் வேண்டுமே. பெண்ணும் நானும் ஏறக்குறைய ஒரே உயரம், அதனால் பெண் நின்ற மாதிரியே நான் போய் நின்றேன். அந்த அம்மா என் தோளில் கை வைத்தார். முதலில் பட்டும் படாமலும்தான் வைத்தார்.

“மூஞ்சப் பாருங்கக்கா. பொண்ணு உங்களத்தான் பாக்குதுன்னு நெனச்சிக்கோங்க,” என்றார் என் வீட்டுக்காரர். வழக்கமாக அடுத்து, கொஞ்சம் சிரிங்க என்பார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு, துடைத்த லென்ஸையே திரும்பவும் துடைத்தார்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தபடி கேட்டார். “அன்னிக்கு நீயும் கூடத்தான இருந்த. அவன் இன்னா சொன்னான்? எதுக்கு அந்தச் சிரிப்பு சிரிச்சா?”

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். முகத்தில் வெளிச்சம் விழ ரிஃப்ளெக்டர் தட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற எனக்கு அது நன்றாகக் கேட்டிருந்தது.

“உங்களப் பத்திதான்க்கா. மலை ஏறுனதுலருந்து நீங்க போன் மேல போன் பண்ணிக்கினே இருந்தீங்க. ‘உங்கம்மா இன்னொரு தபா போன் பண்ணட்டும், உன்ன வுட்டுட்டு அந்தப் போனுக்குத் தாலி கட்டிடறேன்’னு சொன்னான்.”

அந்த அம்மா சட்டென்று சிரித்துவிட்டார். “ஆமா, சிக்னல் இல்லாம கட்டாயிக்கினே இருந்துச்சு. நானும் வுடாம அட்ச்சிக்கினே இருந்தேன்.” அந்தச் சிரிப்பில் கேமரா ஒரு தடவை சத்தம் போட்டது.

பிறகு அந்த முகம் மெதுவாக மாறியது.

“கண்ணாலம் ஆனப்புறம் அவங்க வூட்ல சொன்னாங்கம்மா, சும்மா சும்மா போன் பண்ணாதீங்க, பொண்ணு மனசு இங்க ஒட்ட மாட்டுதுன்னு. சரிதானன்னு நானும் கம்மி பண்ணிக்கினேன். அப்புறம் அவளா பண்ணட்டும்னு வுட்டுட்டேன்.”

“எடுத்தாச்சுங்கக்கா,” என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த அம்மா கையை எடுக்கவில்லை. விரல்கள் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தன. வலித்தது. நான் அசையாமல் நின்றேன்.