ஓநாய் வந்த கடுதாசி

பாறசாலையில ரெண்டு மாடி வீடு, மரக்கடை, லாரி எல்லாம் ஆறாங்கிளாஸ்காரன் நான் உண்டாக்கினதாக்கும். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகப் படிக்கிற பேத்தி இன்று ஜெர்மன் பாடத்தை உரக்க வாசித்தாள்: "வோல்ஃப்."

"ஓநாய்," என்றேன். வாயைப் பிளந்தாள்.

என் சித்தி அங்கே நர்ஸாகப் போய் ஒரு வெள்ளைக்காரனைக் கட்டினவள். நான் பையனாக இருந்தபோது எனக்கொரு ஜெர்மன் மாயக்கதைப் புத்தகம் அனுப்பினாள். சோப்பு மணக்கும். படங்களுக்குக் கீழே தமிழில் அர்த்தம் எழுதியிருந்தாள். அப்படித்தான் படித்தேன். அவள் மகளும் அந்தக் கதை வார்த்தைகளை மட்டும் வைத்தே எனக்குக் கடுதாசி போடுவாள். ஒருநாள் வந்தது: வீட்டில் ஓநாய். அம்மா அழுகிறாள்.

"மக்கா, இது கதையா, காரியமா?" என்றாள் என் அம்மா.

"தெரியல்லம்மா. ஓநாய்னுதான் இருக்கு."

அப்பா சிரித்தார். "நீ பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்ல, கதையாக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. மகளோடு வந்துவிடும்படி அன்றைக்கே சித்திக்கு எழுதினாள். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் வந்தார்கள், திரும்பிப் போகவேயில்லை. அந்த ஓநாய் சித்தப்பாதானா, வெறும் கதையா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கேட்டால் சித்தி காப்பி போட எழுந்து போய்விடுவாள்.

வருசாவருசம் சபையில் சாட்சி சொல்லும்போது, ஜெபம்தான் தன்னைக் கொண்டுவந்தது என்கிறாள். ஜெபம் இருக்கட்டும். கடுதாசியை வாசிச்சது நானாக்கும். இந்த வருசம் என் பேரையும் சொல்லணும்.