தொடையிடுக்கில் நெறி

அப்பாவின் குதிகாலில் ஆறாமல் கிடந்த புண்ணிலிருந்து சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். வேலூர் டாக்டர் அவரைப் படுக்கவைத்துத் தொடையிடுக்கை அமுக்கினார். நெறி கட்டியிருந்தது.

"புண்ணு சீழ் வச்சாலும் நெறி கட்டும், புற்று ஏறினாலும் கட்டும். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. மூணு வாரம் மாத்திரை சாப்பிடட்டும். கரைஞ்சா சீழ். கரையலன்னா நோய் அங்கயும் போயிருக்குன்னுதான் எடுத்துக்கணும்" என்றார்.

ஜவ்வாது மலையில் வெறுங்காலோடு திரியும் எங்களுக்கு நெறி கட்டுவது புதிதல்ல. ஆனாலும் அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பப் போனோம். டாக்டரின் விரல்கள் அதே இடத்தில் நின்றன.

"கரையல. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?"

அப்பா கூரையைப் பார்த்தார். "பாதி துன்னேங்க. பக்கத்து வூட்டுக்காரனுக்கும் முள்ளு குத்தி நெறி கட்டிக்கிச்சி. கீழேர்ந்து மருந்து வந்தா நான் மட்டும் எப்டிங்க துன்றது? அவனுக்குக் கரைஞ்சிடுச்சி."

வேட்டைக் கறியைப் பங்கு போடுகிற வழக்கத்தை மாத்திரையிலும் காட்டியிருக்கிறார். பெற்றவர் என்றும் பாராமல் அறைந்துவிடலாம் போலிருந்தது. டாக்டர் திட்டவில்லை. இன்னும் மூன்று வாரத்துக்கு எழுதிக்கொடுத்தார்.

இந்த முறை ஒவ்வொரு மாத்திரையையும் நானே அப்பாவின் வாயில் போட்டு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரன் தினமும் வாசலில் வந்து நின்று, "இன்னா, கொறஞ்சிதா?" என்று கேட்டான். நல்ல காலோடு நின்றான்.

நெறி கரையவில்லை.