அக்கா இல்லையா?

காலிங் பெல் அடித்தால் கதவைத் திறப்பது எப்போதும் அவர்தான். திறந்ததும் வந்தவர்கள் முகம் ஒரு சுற்று சுருங்கும். "அக்கா இல்லையா?" என்று கேட்டபடியே அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். குத்துக்கல் மாதிரி ஒரு மனுஷன் எதிரே நிற்கிறான், அவனைக் கதவோடு சேர்ந்த சாமானாக நினைத்துத் தாண்டிப் போகிறார்களே என்று அவருக்கு வயிறு எரியும். எரியாதா பின்னே? இந்த நகரத்துக்கே வழி சொன்ன ஆள் அவர்.

பேருந்து நிலையத்தில் 'விசாரணை' என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தலை நரைத்தவர். தெருவில் அவருக்குப் பெயரே விசாரணை சார்தான். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கும், எது ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், எது நேரே போகும், கடைசி வண்டியை விட்டவன் என்ன செய்யலாம், எல்லாம் நுனி நாக்கில் இருக்கும். கேட்பவன் வாயைத் திறக்கும்போதே பதில் கிளம்பிவிடும். "சார், கோர்ட்டுக்குப் போற..." "நாலாவது மேடை. அடுத்தது யாரு?" நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பார்த்தால் வரிசை நகராது. அவர் காய்ச்சல் என்று லீவு போட்ட நாட்களில் நிலையமே திண்டாடிப் போயிற்று என்று அவரே சொல்வார். வேறு யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

அவர் ஓய்வு பெறுவதற்குள்ளேயே நிலையத்தில் பெரிய திரைகளை மாட்டிவிட்டார்கள். ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள், தங்கள்பாட்டுக்குப் போனார்கள். கடைசி மாதங்களில் அவரிடம் வந்தவர்கள் கழிப்பறை எங்கே என்று மட்டும்தான் கேட்டார்கள். அதற்கும் அவர் மளமளவென்று பதில் சொன்னார் என்பது வேறு விஷயம். பிறகு ஒருநாள் கை குலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கூட்டம் இங்கே இருக்கிறது!

அவர் மனைவி முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ஆல்டரேஷன் வேலை செய்து வந்தாள். பேண்ட்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது, அண்ணனின் யூனிஃபார்மைப் பிடித்துத் தம்பிக்கு ஆக்குவது. இத்தனை வருஷமாக அவர் காலையில் போய் இரவில் திரும்பியதால், இந்த அறையில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று. நடந்தது இதுதான். அளவு எடுக்கும்போது அவள் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். வாயில் ஊசி இருக்கும்போது பேச முடியாது, "ம்... ம்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். எதிரே நிற்பவர்களும் அசைய முடியாது. சும்மா நிற்கிற மனுஷர்கள் என்ன செய்வார்கள், பேசுவார்கள். மாமியார் சண்டை, பக்கத்து வீட்டு நாய், பையனுக்கு எந்தப் பள்ளிக்கூடம், பல்லைப் பிடுங்கலாமா அடைக்கலாமா, எந்த எலெக்ட்ரீஷியன் சொன்ன நேரத்துக்கு வருவான் என்று தெருவின் தலைவலி முழுக்க அந்த அறையில் வந்து இறங்கும்.

சரி, கேட்டவள் என்ன பதில் சொல்வாள்? ஊசியை எடுத்துவிட்டு, "தெரியலையே. ரெண்டு நாள் டைம் குடுங்க, கேட்டுப் பார்க்கறேன்" என்பாள். உள்ளறையில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கும் விசாரணை சாருக்கு இரத்தம் கொதிக்கும். ஜன்னலில் உட்கார்ந்து அவர் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். இவளோ தெரியலையே என்கிறாள், அதற்கு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்! கிழியாத பேண்ட்டைக்கூடச் சிலர் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. உள்ளேயிருந்தே குரல் கொடுக்க ஆரம்பித்தார். "பல்லைப் பிடுங்கிடுங்க! அடைச்சா மறுபடி வலிக்கும்!" முன்னறையிலிருந்து "சரிங்க சார்" என்று மரியாதையாக ஒரு பதில் வரும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

அந்த 'நீங்க' இருக்கிறதே, அதுதான் அவரைக் கொன்றது. கட்டிய மனைவிமேல் ஒருவனுக்குச் சந்தேகம் வரலாம், கோபம் வரலாம். பொறாமை வரலாமா? வந்தது. ஊர் உலகத்தில் எவன்மேலும் வராத பொறாமை அவள்மேல் வந்தது. அவளுக்குச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, யாரைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது, எல்லாமே அவருக்குக் குத்தலாக இருந்தது.

இப்படியிருக்கையில் அவள் தங்கைக்கு ஆபரேஷன் என்று தகவல் வந்தது. ஒரு வாரம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று பையைக் கட்டினாள். வாசலில் நின்று, "யாராவது வந்தா நான் வந்ததும் பேசறேன்னு சொல்லுங்க. நீங்களா எதுவும் சொல்லி வைக்காதீங்க" என்றாள்.

நீங்களா எதுவும் சொல்லி வைக்காதீங்க! அவள் ஏறிய வண்டி தெருமுனை தாண்டியதும் அவர் நேரே முன்னறைக்குப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் போட்டோ ஸ்டூடியோக்காரர். "அக்கா இல்லையா?"

"ஊருக்குப் போயிருக்கா. என்ன விஷயம், எங்கிட்ட சொல்லுங்க."

ஸ்டூடியோக்காரர் தயங்கினார். அவருடைய அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அம்மாவுக்குப் படி ஏற முடியாது, அந்த ஆஸ்பத்திரி வாசலிலோ ஏகப்பட்ட படி. விசாரணை சாருக்குப் புல்லரித்துவிட்டது. இது அவருடைய பாடம்! "முன் வாசலுக்கு ஏன் போறீங்க? மார்க்கெட் வழியா போற வண்டியில ஏறுங்க. பின்பக்க கேட்லயே நிறுத்துவான். அங்க சரிவுப் பாதை, படியே கிடையாது."

"அப்படிங்களா..." ஸ்டூடியோக்காரர் தலையைச் சொறிந்தார். "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை..."

விசாரணை சார் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "இருங்க, போன்ல கேட்கறேன்" என்று சமையலறைக்குப் போனார். யாருக்கும் போன் போடவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். "ம்... ம்... சரி, அப்படியா" என்று அடுப்பைப் பார்த்துப் பேசினார். திரும்பி வந்து, "அவளும் அதேதான் சொல்றா. பின்பக்க கேட்டு" என்றார்.

"பாத்தீங்களா, அக்கான்னா அக்காதான்!" என்று முகமெல்லாம் பல்லாகக் கிளம்பினார் ஸ்டூடியோக்காரர்.

அன்றிலிருந்து வியாபாரம் சூடு பிடித்தது. வருகிறவர்கள் கேட்பார்கள், இவர் சமையலறைக்குப் போவார், தண்ணீர் குடிப்பார், வருவார். ஸ்டூடியோக்காரர் அம்மாவை அலுங்காமல் கூட்டிப் போய்வந்துவிட்டு, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "அக்கா ஊர்ல இருந்துக்கிட்டே வழி சொன்னாங்க. அந்த கேட்டு யாருக்குத் தெரியும்?" காய்கறி வாங்கப் போன இடத்தில் இதை விசாரணை சார் தன் காதாலேயே கேட்டார். அந்த கேட்டு யாருக்குத் தெரியுமா? டேய், எனக்குத் தெரியும்டா! தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தக்காளியை அழுத்திப் பார்த்தார். கடைக்காரன், "சார், தக்காளி பாவம்" என்றான்.

அன்று மாலைதான் பேக்கரிக்காரர் வந்தார். எதிர்க் கட்டடத்தில் முதல் மாடியில் குடியிருப்பவர். படுக்கையறைச் சுவரில் ஈரக் கறை படர்ந்துகொண்டே வருகிறதாம், என்ன செய்யலாம் என்று அக்காவைக் கேட்க வேண்டுமாம்.

விசாரணை சாருக்குச் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேருந்து நிலையத்திலும் சுவர் இருந்தது, அவ்வளவுதான். ஒருமுறை போய்ப் பார்க்கலாம், குழாய்க்காரனைக் கூப்பிடச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. ஆனால் தக்காளிக் கடையில் கேட்டது இன்னும் உள்ளே புகைந்துகொண்டிருந்தது. சமையலறையில் நின்றபோது, 'சரியா வந்தா பேரு அவளுக்குத்தானே போகப்போகுது. தப்பா வந்தாலும் அவளுக்கே போகட்டும்' என்று நினைத்தார். நினைத்ததும் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளுமையை அவருடைய கெட்ட நேரம் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே வந்து, "சிமென்ட்டை நல்லா குழைச்சுப் பூசிட்டு மேலே ஆயில் பெயின்ட் அடிக்கச் சொல்றா" என்றார்.

பேக்கரிக்காரர் அப்படியே செய்தார். சுவருக்குள்ளே குழாய் கசிந்துகொண்டிருந்தது. வெளியே வர வழியில்லாத தண்ணீர் கீழே இறங்கி, கீழ் வீட்டில் இருக்கும் மருந்துக்கடைக்காரரின் கூரையில் ஊறி, ஒரு பகல்பொழுதில் பூச்சு பெயர்ந்து அவர் கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளையாக அவர் கடையில் இருந்தார். மெத்தையும் பக்கத்து அலமாரியில் இருந்த துணிகளும் சேறாகிவிட்டன.

அக்கா ஊரிலிருந்து வந்து இறங்கியதும் இதுவும் வந்து இறங்கியது. அவள் கையில் பையோடு வாசலில் நிற்கிறாள், எதிரே பேக்கரிக்காரர், மருந்துக்கடைக்காரர், வேடிக்கை பார்க்க ஸ்டூடியோக்காரர், இன்னும் நாலு பேர்.

"அக்கா, உங்களை நம்பித்தானே பூசினேன்?" பேக்கரிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "போன்ல சார்கிட்ட நீங்க சொன்னீங்களே!"

"என் தலையில விழுந்திருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் திரும்பி வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். இப்போது இவள் வாயைத் திறந்தால் தெருவில் தலை காட்ட முடியாது. அவள் பையைக் கீழே வைத்தாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். "சுவரைப் பார்க்காம சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க. குழாய்க்காரனை நாளைக்கே நான் கூட்டிட்டு வர்றேன். அண்ணே, நனைஞ்ச துணியெல்லாம் குடுத்தனுப்புங்க, துவைச்சு, பிரிஞ்ச தையலெல்லாம் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் எங்க வீட்டு மெத்தையில படுத்துக்குங்க."

கூட்டம் அப்படியே குழைந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர், "விடும்மா, மனுஷங்கன்னா தவறு வரத்தான் செய்யும்" என்றார். பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல யாரு அக்கா தப்பை ஒத்துக்கறாங்க? பெரிய மனசு உங்களுக்கு!" பின்னாலிருந்து யாரோ, "அதான் அக்கா" என்றார்கள்.

விசாரணை சாருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்ன தெரியுமா? பழைய பொறாமை, பல மடங்காக. என் வழியை எடுத்துக்கொண்டாள், என் கேட்டை எடுத்துக்கொண்டாள், இப்போது என் தப்பையும் எடுத்துக்கொண்டு அதிலும் பேர் வாங்குகிறாளே! இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கக் கூடாதா?

"அவ சொல்லல!" என்று கத்தினார். "நான் சொன்னேன்! சிமென்ட்டு, பெயின்ட்டு எல்லாம் என் யோசனை! போனே போடல நான்!"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டூடியோக்காரர் அருகே வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"சார், போதும் சார். அக்கா மேல பழி வரக்கூடாதுன்னு நீங்க தாங்கிக்கப் பார்க்கறீங்க. எங்களுக்குப் புரியுது." பின்னால் திரும்பி, "ஜோடின்னா இப்படி இருக்கணும்" என்றார்.

"யோவ், நிஜமாத்தான்யா சொல்றேன்! அந்த பின்பக்க கேட்டும் நான் சொன்னதுதான்!"

"சரிங்க சார்" என்றார் ஸ்டூடியோக்காரர், குழந்தைக்குச் சொல்வதைப் போல. எல்லோரும் சிரித்தபடியே கலைந்து போனார்கள். நல்ல மனுஷன், பெண்டாட்டிமேல் உயிர் என்று பேசிக்கொண்டது படிக்கட்டு வரை கேட்டது.

அவள் கதவைச் சாத்தினாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம், நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, மருந்துக்கடைக்காரர் தலையில விழுந்திருந்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

"யாரும் என்னை ஒண்ணும் கேட்கறதில்ல" என்றார்.

"இப்ப நான் கேட்டேனே. சொல்லுங்க."

அவருக்குப் பதில் கிளம்பவில்லை. அவள் அவசரப்படவில்லை. பயணக் களைப்பில் கண் சிவந்திருந்தது, இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை, ஆனாலும் உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் போல அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். தெருவில் இருப்பவர்கள் ஏன் இவளைத் தேடி வருகிறார்கள் என்று விசாரணை சாருக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் வயிற்றெரிச்சல் இன்னும் கூடத்தான் செய்தது. அதையும் சேர்த்தே அவளிடம் சொல்ல ஆரம்பித்தார்.