இடது இறக்கை

என் வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் தச்சு வேலை பார்த்தவர். தோட்டத்தில் எல்லாரும் அவரை, தச்சர்களைக் கூப்பிடுகிற மாதிரி, பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவு, ஜன்னல், கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்குச் சட்டம், ஆள் தவறினால் பெட்டி, இவைதான் அவருடைய வேலை. அப்படிப்பட்டவர் கடைசிக் காலத்தில் ஆகாய விமானத்துக்கு இறக்கை செய்தார் என்றால் நம்பாதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

விமானம் எங்களுடையது அல்ல. கினிகத்தேனையில் இருக்கும் ஒரு சிங்கள ஐயாவுடையது. மாத்தயா என்று கூப்பிடுவோம். விமானம் பழுது பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மரத்தில் சின்னதாக ஒன்று, இரண்டு பேர் உட்காருகிற மாதிரி, தன் வீட்டுக் கொட்டகையில் செய்துகொண்டிருந்தார். அவரும் எங்களைப் போல மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர்தான். எங்கள் தோட்டத்துக் கோவில் திருநாளுக்கு வந்தவர், பீடத்துக்கு என் வீட்டுக்காரர் செய்திருந்த மரவேலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு நேரே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து நின்றார். விமானத்தின் உடம்பைத் தான் செய்வதாகவும், இறக்கை இரண்டையும் இவர் செய்து தர வேண்டும் என்றும் கேட்டார்.

"செஞ்சு தாறேன் மாத்தயா. ஆனா என்னய ஏறச் சொல்லாதீங்க. கொத்மலை எறக்கத்துல பஸ்ஸுலயே வாந்தி எடுக்கிற ஆளு நான்."

மாத்தயா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. ரெண்டு ரெக்கையும் என் கையாலதான் ஆகணும். ஒண்ணு நான், ஒண்ணு வேற ஆளுன்னா வேணாம். ஒரு பறவைக்கு ரெண்டு தாய் இருக்குமா?"

அந்தப் பேச்சை மாத்தயா ஒத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அதை மாற்றவில்லை.

எங்கள் லயத்துக் காம்பரா ஒரு சின்ன அறை. இறக்கை நீட்டி வைக்க இடம் பத்தவில்லை. தோட்டத்து ஆபீசில் கேட்டால் விடமாட்டார்கள் என்று கேட்காமலே குசினிச் சுவரில் ஒரு ஓட்டை போட்டார். இறக்கையின் நுனி அந்த ஓட்டை வழியாக வந்து என் அடுப்புக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்து குனிந்துதான் சோறாக்க வேண்டும். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற, நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிற பையன், ஃபெக்டரியில் இவரோடு வேலை செய்கிறவன், வாசலில் நின்று கேட்பான்:

"அண்ணி, இன்னிக்கு கறி கோழி ரெக்கையா, பிளேன் ரெக்கையா?"

"உனக்கு ரெண்டும் கெடையாதுடா, போடா" என்பார் இவர் உள்ளே இருந்து.

இறக்கை என்றால் நான் தகரம் மாதிரி எதையோ நினைத்திருந்தேன். பார்த்தால் ஏணி மாதிரி இருந்தது. நீளத்துக்கு இரண்டு கட்டை. முடிச்சு ஒன்றுகூட இல்லாத வெளிநாட்டு மரம், மாத்தயா வாங்கிக் கொடுத்தது. அந்த இரண்டையும் இணைத்துக் குறுக்கே விலா எலும்பு மாதிரி மெல்லிய சட்டங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் மேலே துணி இழுத்து ஒட்டுவார்கள். ஒட்டுகிற பசைக்கு எங்கள் ஊர்க் குளிர் ஆகாது. அதனால் விலாக்களை ஒட்டியதும் கட்டிலில் இருந்த கம்பளியை எடுத்து மூடி, உள்ளே பல்பை எரியவிடுவார். நாங்கள் போர்வை இல்லாமல் சுருண்டு படுத்திருப்போம்.

"எனக்குக் குளிருதுங்க."

"அதுக்கும்தான் குளிருது."



ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் இரண்டு சின்னத் துண்டுகளை ஒட்டித் தனியே வைப்பார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதை என் கையில் கொடுத்து ஒடிக்கச் சொல்வார். மரம் பிய்ந்தால் பசை நல்லது. ஒட்டின இடம் விட்டால் அந்த விலா அடுப்புக்கு. நான் மாதாவே என்று சொல்லிக்கொண்டுதான் ஒடிப்பேன். ஒரு தரம்கூட ஒட்டின இடம் விட்டதில்லை.

வலது இறக்கை துணி ஒட்டி முடிந்து, கோவிலின் பின்னறையில் பத்திரமாக இருந்தது. இடதுக்கு எலும்புக்கூடு ஆகிவிட்டது, துணிதான் பாக்கி. அந்த நேரத்தில், ஃபெக்டரியில் தட்டுச் சட்டம் ஒன்றைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். லொறியில் ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஆண்டவர் அவரை எடுத்துக்கொண்டு விட்டார்.

வீட்டுக்குக் கொண்டு வந்தபோது நல்ல மழை. பெட்டி வைக்க வேண்டிய காம்பரா முழுவதும் இறக்கை. ஆட்கள் அதைத் தூக்கி வெளியே கொண்டு போனார்கள். எனக்கு அப்போது எதுவும் மூளைக்கு எட்டவில்லை. சனம் வரவர வாசலில் நிற்க இடமில்லை, எல்லாரும் நனைகிறார்கள். பந்தல் போடத் தார்ப்பாய்ப் படங்கு இருக்கிறது, கால் நட நாலு கம்பும் இருக்கிறது, மேலே குறுக்கே போடத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் பெட்டியை வெளியே வாசல் பந்தலுக்குக் கீழே வைத்து ஜெபமாலை சொன்னார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். மாலையின் மூன்றாவது காரணிக்கம் சொல்லும்போது தலை தூக்கினேன். மேலே விலா விலாவாகச் சட்டங்கள். அதற்கு மேல் படங்கு. மழை அதில் கொட்டுகிறது, கீழே ஒரு பொட்டு ஈரமில்லை. அவர் செய்த இறக்கையைத்தான் நான்கு கம்பின் மேல் ஏற்றிப் பந்தலாக்கியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கோபம் வரவில்லை. சாமி, போகிற நேரத்திலும் இவர் எங்களை மூடிக்கொண்டு நிற்கிறாரே என்று அழுதேன். அங்கே கூடியிருந்தவர்களில் மாத்தயாவும் ஒருவர். கையைக் கட்டிக்கொண்டு, மேலேயே பார்த்தபடி நின்றார்.

முப்பத்தோராம் நாள் பூசை கழித்து மாத்தயா வந்தார். இறக்கையை மறுபடி காம்பராவுக்குள் வைத்திருந்தோம். டோர்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். பிறகு நீளக் கட்டையின் மேல்விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் நின்று நின்று போனது.

"ஆணி, நங்கி" என்றார். என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில்தான் கூப்பிடுவார். "படங்குக்கு அடிச்சது. ரெண்டு கட்டையிலயும் வரிசையா இருக்கு. நான் அன்னைக்கே பாத்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாத்தயா."

"சாவு வீட்டுல எப்பிடிச் சொல்றது? அடிச்சது அடிச்சதுதானே. மழையில சனத்த நனைய விடச் சொல்லவா?"

நான் அவரிடம் கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மெழுகு வைத்து அடைக்கலாம்தானே, மரத்தூளும் பசையும் கலந்து வைக்கலாம்தானே, இவர் எத்தனை கதவில் அப்படி அடைத்திருக்கிறார் என்றேன்.

"கதவு கீழதான் நிக்கும் நங்கி. இது மேல போறது. ஆள் பாரம் முழுக்க இந்தக் கட்டையிலதான் வரும். ஆணி போன எடத்துல இருந்து வெடிக்கும். எப்பன்னு யாராலயும் சொல்ல ஏலாது." "பாஸ் செஞ்சதுல ஒரு குறையும் இல்ல. அவர் உசுரோட இருந்தா, அவரே வாளெடுத்து அறுத்திருப்பார்."

அது எனக்கும் தெரியும்.

"அப்ப இடது?"

"வேற ஆள் பாக்கணும். இல்லாட்டி நானே முயற்சி செய்யணும். பாஸ் கிட்ட குடுத்த வார்த்தய என்னால காப்பாத்த முடியல, நங்கி."

வலது இறக்கையை அன்றைக்கே லொறியில் ஏற்றினார்கள். கோவில் பின்னறையிலிருந்து தூக்கி வர தம்பிதான் ஆள் கூட்டி வந்தான். நனையாமல் சுற்றினான், கயிறு கட்டினான். என் வீட்டுக்காரரின் சாவுக்கு ஓடியாடி எல்லாம் செய்தவனும் அவன்தான். குழி வெட்டுவதற்கும் முதல் ஆளாகப் போனான்.

கயிற்றை இறுக்கிவிட்டுக் கேட்டான்: "மத்தத எப்ப அண்ணி ஏத்துறது? அண்ணன் செஞ்சது ரெண்டும் ஒண்ணா மேல போறத பாக்கணும்."

மாத்தயா சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தேன்.

"அது என்கிட்டயே இருக்கட்டும்டா தம்பி. அவரு ஞாபகத்துக்கு."

தம்பி கயிற்றின் மீதியைச் சுருட்டினான். பிறகு, "அதுவும் சரிதான் அண்ணி" என்றான். "அந்த மழைக்கு மேல குறுக்கப் போடக் கம்பு தேடி லயம் முழுக்க ஓடினேன். ஒண்ணும் கெடைக்கல. கடைசில அண்ணனே குடுத்த மாதிரி அது கண்ணுல பட்டுச்சு. பயந்து பயந்துதான் ஆணி அடிச்சேன். ஆனா பாத்தீங்களா, அண்ணன் மேல ஒரு சொட்டு விழல."

"ஆமாடா" என்றேன். "ஒரு சொட்டு விழல."

லொறி நகர்ந்தது. மாத்தயா கதவுக் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி, தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.