மாற்றாத பேட்டரி

பொன்னியின் வலது கையில் மூன்று விரல்கள் இப்போது மடங்குவதில்லை. ஏரிக்கரையில் ஒருவன் அவற்றை மிதித்து நொறுக்கினான்.

செவிலிமேட்டில் எங்கள் கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்குப் பெருக்க வந்தவள் அவள். கல்யாண மண்டபத்திலிருந்து சுடச்சுட வந்த கேமரா பேட்டரியை யாரோ அப்படியே சார்ஜரில் செருகினார்கள். "காய்ச்சல்ல கெடக்கிறவனுக்குக் கறிச்சோறு போடுவியா?" என்று பிடுங்கித் தரையில் ஆறவைத்தாள். அன்றிலிருந்து இருபத்தெட்டு பேட்டரிகளும் அவள் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டினாள். கண்ணாடி மேல் வைத்து விரலால் சுண்டுவாள். பம்பரம்போலச் சுற்றினால் உப்பிவிட்டது என்று ஒதுக்கிவிடுவாள். திரையில் சார்ஜ் இரண்டு கோடு இருக்கும்போதே பேட்டரியை மாற்றிவிட வேண்டும், சிவப்பு வரும்வரை ஓட்டக்கூடாது. இதை மீறிய கேமராமேன்கள் அவள் வாயில் விழுந்து எழுந்தார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை. அந்த மாதம் எல்லாவற்றையும் பாதி சார்ஜில் படுக்க வைப்பாள். முழுசாக ஏற்றிச் சும்மா போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஆகஸ்ட் பதினைந்து ஆடியில்தான் வருகிறது. அன்று காலை அவள் அண்ணன் சிவபாலன் ஊரிலிருந்து போன் செய்தான். வாலாஜாபாத் பக்கம் அவர்கள் ஊர் ஏரியில் கண்டபடி மண் அள்ளுகிற காண்ட்ராக்டர் சத்யராஜைக் கிராம சபையில் கேள்வி கேட்கப் போகிறார்களாம். கைகலப்பானால் சாட்சிக்கு வீடியோ வேண்டும். கேமராமேன்கள் யாரும் ஊரில் இல்லை. பொன்னியே கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். பேட்டரிகள் எல்லாம் பாதியில் இருந்தன. ஏற்ற நேரமில்லை.

ஏரிக்கரையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சிவபாலன் மைக்கைப் பிடித்து, அனுமதி எத்தனை லாரிக்கு, போனது எத்தனை லாரி என்று கேட்டான். சத்யராஜ் உட்கார்ந்தபடியே, ஏரி என்ன உங்கப்பன் வெட்டினதா என்றான். அந்த நேரத்தில்தான் திரையின் மூலையில் சிவப்புக் கோடு மினுங்கியது. பேட்டரி மாற்றப் பத்து நொடி போதும். அந்தப் பத்து நொடிப் படத்தை இழக்க அவளுக்கு மனமில்லை. குனிந்து சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தபோது அண்ணன் கீழே கிடந்தான். சத்யராஜின் ஆட்கள் ஐந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளால் அடித்தார்கள். நாற்காலி உடைந்ததும் உடைந்த முனையால் குத்தினார்கள். ஒருவன் ஷாமியானாவின் சவுக்குக் கம்பை உருவி அவன் தலையில் இறக்கினான். மைக் அவன் தலைமாட்டிலேயே கிடந்ததால் ஒவ்வொரு அடியும் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டது.

"அவ கேமராவுல பேட்டரிய புடுங்குடா" என்றான் சத்யராஜ்.

பொன்னி பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். பதிவு மெமரி கார்டில் முழுதாக எழுதி முடிய நாலைந்து நொடி ஆகும். அதற்குள் பேட்டரி மூடி திறந்தால் எல்லாம் போச்சு. மூடியை விரல்களால் பொத்திக்கொண்டு தரையில் கேமரா மேல் கவிழ்ந்தாள். ஒருவன் முடியைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் கையை மிதித்தான். முதல் மிதியில் சுண்டுவிரல். மூன்றாவது மிதியில் எழுதும் விளக்கு அணைந்தது. அப்போது கையை எடுத்தாள். அவர்கள் பேட்டரியைப் பிடுங்கி ஏரியில் வீசினார்கள். அதோடு படமும் போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

கட்டுப் போட்ட கையோடு ஸ்டூடியோவுக்கு வந்து கார்டைக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அவள் குனிந்திருந்த அந்தப் பத்து நொடியில், சத்யராஜின் வாயில் மைக்கால் ஓங்கி அடிப்பது சிவபாலன். முதல் அடி அவனுடையது. பொன்னி மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தாள்.

தலையில் பதினாறு தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த சிவபாலன், அந்த முதல் அடியை மட்டும் வெட்டிவிடச் சொன்னான்.

"வெட்டுனா கேஸ் நிக்காதுண்ணா."

"நிக்குதோ உக்காருதோ. நீ அப்பவே பேட்டரிய மாத்தியிருந்தா அது இருந்திருக்குமா? மத்த நாள்லலாம் மாத்துவ இல்ல?"

"நீ ஒரு அடி அடிச்ச. அவங்க உன்ன சாவடிக்கப் பாத்தாங்க. ரெண்டும் அதுல இருக்குது. ஒண்ண எடுத்துட்டா இன்னொண்ண எவன் நம்புவான்?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

முழுப் பதிவையும் போலீசில் கொடுத்தாள். சத்யராஜ் மீதும் ஆட்கள் மீதும் கொலை முயற்சி வழக்கு. சிவபாலன் மீது அடிதடி வழக்கு. மண் லாரிகள் அந்த வாரமே நின்றன.

அண்ணனுக்குத் தையல் பிரித்த அன்று அவனைப் பார்க்க ஊருக்குப் போனாள். அவன் வெளியே வந்தான். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய கட்டுப்போட்ட கையின் மேல் ஓங்கி அடித்தான். வலி இறங்கும்வரை பொன்னி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வாய்தா அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, காலை பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டில் இருக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறினாள்.